வலது கையால் அழுத்திய மீட்டர்

உங்களுக்கு இது எதற்கு? அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று மூடியைத் தூக்கிப் பார்க்காவிட்டால் சிலருக்குச் சோறு இறங்காது. அந்த ஹேண்ட்பால் கோச்சின் கை ஏன் வீங்கியது என்று தெரியாமல் இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தீர்கள்? சரி, வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். கேளுங்கள்.

என் பேத்திக்கு இடது கைப் பழக்கம். பந்து எறிவது, பல் தேய்ப்பது, தம்பியை அறைவது எல்லாம் இடதுதான். சோற்றுத் தட்டுக்கும் அதே கை போனபோது தட்டித் தட்டி மாற்றியவள் நான். பெரியவர்கள் எது கொடுத்தாலும் வலது கையால் வாங்கு என்று பழக்கியதும் நான்தான்.

நானும் அவளும் ஆளுக்கொரு முனை பிடித்துக் கனத்த போர்வைகளைப் பிழிவோம். சுங்காய் ரப்பர் தோட்டத்தில் வருஷக்கணக்கில் பால்மரம் வெட்டிய கை என்னுடையது. அவள் இடது கையால் முறுக்கினால் போர்வையோடு நானும் சேர்ந்து திரும்புவேன்.

ஈப்போவில் ஒரு பெரிய அணிக்குப் பெண்பிள்ளைகளை எடுத்தார்கள். அதில் சேர வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள். முதலில் கைப்பலம் பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் பந்தையே தொட விடுவார்கள். கோச் நம் தமிழ் ஆள்தான். அழுத்தினால் முள் நகரும் ஒரு மீட்டரை வரிசையாக ஒவ்வொருத்தியிடமும் நீட்டினார். என் பேத்தி, நான் வளர்த்த லட்சணத்தில், மரியாதையாக வலது கையால் வாங்கி அதே கையால் அழுத்தினாள். முள் பாதி தூரம்கூடப் போகவில்லை.

“சார், நான் இடது கை...”

“அடுத்த ஆளு!”

வேலியோரம் நின்ற நான் உள்ளே போனேன்.

“தம்பி, அந்தக் கையிலயும் ஒரு தடவ பாருங்க லா.”

“பாட்டி, கரண்டி பிடிக்கிற கைக்கு ஹேண்ட்பால் எதுக்கு? வீட்ல தோசை சுடச் சொல்லுங்க.”

வரிசையே சிரித்தது. பேத்தி காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாமி மன்னிக்கச் சொல்லும் என்கிறார்கள். சாமியைப் பார்த்து யாரும் கரண்டி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறு வாரமே சிலிபினுக்குப் பக்கத்தில் இன்னொரு கிளப்புக்கு அவளைக் கூட்டிப்போனேன். அங்கே கோச் ஒரு மலாய்க்காரம்மா. மீட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, எந்தக் கையால் எறிவாய் என்றுதான் முதலில் கேட்டார். பேத்தி இடது கையால் அழுத்தினாள். அந்தம்மா மீட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தார்.

அந்த இரண்டு அணிகளும் மோதும் நாளுக்காக நான் காத்திருந்த மாதிரி என் கல்யாணத்துக்குக்கூடக் காத்திருந்ததில்லை. அன்றைக்கு அவர்களுடைய கோல் கீப்பர் பெண் ஒரு பக்கம் பாய்வாள், பேத்தி எறிந்த பந்து மறுபக்கம் போகும். “எந்தக் கைன்னு பாரு! கையப் பாரு!” என்று அந்தக் கரண்டி கோச் கத்தினார். இப்போது ஞாபகம் வந்ததா, கை என்று ஒன்று இருப்பது?

ஆட்டம் முடிந்து இரண்டு பக்கமும் கைகுலுக்கப் போகும்முன் பேத்தியின் காதில் சொன்னேன்.

“அவரு கை நீட்டுவாரு. நீ இடது கையக் குடு. முள்ளு எதுவரைக்கும் போவுதுன்னு பாப்போம்.”

“பெரியவங்களுக்கு இடது கை குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இன்னைக்கு அதுக்கு லீவு.”

அவர் நீட்டிய கையை அவள் இடது கையால் பிடித்தாள். முதலில் அவருடைய சிரிப்பு போனது. பிறகு முழங்கால் மடங்கியது.

“வுடு பாப்பா... வுட்டுரு! அடுத்த வாரம் நம்ம ட்ரெயினிங்குக்கு வா. எடம் இருக்கு.”

பேத்தி கையை விட்டாள். “வரல சார். அடுத்த ஆளக் கூப்பிடுங்க.”

நான் சொல்லிக்கொடுத்தது அழுத்துவதை மட்டும்தான்.

சாயங்காலமே அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியில் வந்து தொங்கினார்கள். பெரிய மனுஷனுக்கு இடது கையைக் கொடுத்தாளாமே, இதுதான் நீங்கள் வளர்த்த அழகா என்று கேட்டார்கள்.

“நான் வளத்தது வலது கைய மட்டுந்தான் லா,” என்றேன். “இடது கை தானா வளந்துச்சு.”