நாங்கள் கைதட்டிய வாக்கியம்

அலமாரி நிறைய ஆங்கிலப் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் நான், ஐம்பது வயதுக்கு மேல் மயிலாடுதுறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். மருமகனின் வெளிநாட்டு நண்பர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, 'யெஸ்' தவிர வேறெதுவும் எனக்கு வாயில் வரவில்லை.

பக்கத்து பெஞ்சில் ஒரு விவசாயி உட்காருவார். நடவு வயலிலிருந்து நேரே வருவார். கணுக்காலில் சேறு காய்ந்திருக்கும். மிஸ் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் ஓசையில்லாமல் உதட்டால் திரும்பச் சொல்லிக்கொள்வார்.

அன்றைய பாடம், இடத்தைச் சொல்லும் இரண்டு தொடர்களை 'அண்ட்' போட்டு இணைப்பது. நான், "ஐ வென்ட் டு தி பேங்க் அண்ட் டு தி மார்க்கெட்" என்றேன். சரியாகச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவது வகுப்பு வழக்கம். தட்டினார்கள்.

அடுத்து விவசாயி எழுந்தார். "மை சன் இஸ் இன் தி ஹாஸ்பிடல் அண்ட் ஆன் தி மெஷின்."

"சூப்பர்ங்க!" என்றார் மிஸ். உதாரணம்தானே என்று நாங்களும் கைதட்டினோம். அவர் முகம் அசையாமல் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் அவரிடம், "வாக்கியம் சுத்தமா இருந்துச்சுங்க" என்றேன்.

"துபாய்லேர்ந்து காலைல நர்ஸ் போன் பண்ணுவாங்க. பையன் இன்னும் மூச்சு மெஷின்லதான் இருக்கானான்னு கேக்கணும். எப்படிங்க கேக்கறது?"

"அந்த 'இஸ்'ஸ முன்னால போட்டுடுங்க."

தலையாட்டிவிட்டு, உதட்டை அசைத்தபடியே பஸ் ஏறினார். பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா?"

"கேக்கலை."

"இலக்கணத்த மட்டும் நல்லாச் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள்.