ஞாயிற்றுக்கிழமை டாக்டர்

எழுபதுகளில் நான் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலில் இருந்தேன். தென்காசி டாக்டர் ஒருவர் சீசன் ஞாயிறுகளில் வருவார். ஒடிசலான ஆள். எண்ணெய் தலையில் பட்டதுமே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவார்.

ஒருநாள் தூங்காமல் சொன்னார். "அண்ணாச்சி, ஓய்வே இல்லாம பாத்துப் பாத்து, நேத்து வலில அழுத பிள்ளய அதட்டிட்டேன். எனக்கே பயமா இருக்கு. இனி ஞாயித்துக்கிழம வைத்தியம் பாக்க மாட்டேன்."

சொல்லிக் கண்ணை மூடினார். அருவியில் குளித்த ஈரத்தோடு ஒருவர் வந்து அவர் முன்னால் நாக்கை நீட்டினார்.

"ரெண்டு வாரமா சோறு எறங்கல டாக்டர்."

"மனுசன் தூங்குதாருல்லா? நாளைக்கு ஆஸ்பத்திரில பாத்துக்கிடும்" என்று விரட்டினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். டாக்டர் அசையவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்குக் கண்ணு மஞ்சளா இருந்துதா?" என்றார்.

நான் நாக்கைத்தான் பார்த்திருந்தேன்.

டாக்டர் எண்ணெய் வழிய எழுந்து கூட்டத்துக்குள் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அருவிக்கரை முழுக்க ஈரத்துண்டோடு ஆட்கள். "யாரு அண்ணாச்சி, இவரா? அவரா?" என்று ஒவ்வொருவராகக் காட்டிக் கேட்டார். எனக்கு ஒரு முகமும் அடையாளம் தெரியவில்லை.