விலக்குப் படிவம்

என் மகளின் பள்ளியிலிருந்து கைப்பேசிக்கு வந்த அந்தப் படிவத்தை நான் முழுதாகப் படிக்கவில்லை. பாலியல் கல்வி என்ற இரண்டு சொற்கள் கண்ணில் பட்டன. கீழே, பிள்ளை இந்த வகுப்புகளில் கலந்துகொள்ள வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒரு கட்டம் இருந்தது. ஈசூன் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் உச்சியில், பழுதான மின்தூக்கியின் மோட்டார் அறையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் கிரீஸ். கைப்பேசியைச் சுண்டுவிரலால் தட்டி அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். மனைவியிடம் கேட்கவில்லை. மகளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், பள்ளிச் சீருடையோடு வந்து சாப்பாட்டு மேசையில் பையை வைத்தாள். நான் மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ப்பா, இன்னிக்கு எல்லாரும் கிளாஸ்ல இருந்தாங்க. நான் மட்டும் லைப்ரரில உக்காந்திருந்தேன். நான் மட்டும் இல்ல, இன்னொரு பொண்ணும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"நீங்கதானே வேணாம்னு அனுப்பிட்டீங்க." அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "டீச்சர் சொன்னாங்க, வேணாம்னு சொன்ன பேரண்ட்ஸ் வீட்டுல அவங்களே சொல்லிக் குடுப்பாங்கன்னு. எப்போப்பா சொல்லிக் குடுக்கப் போறீங்க?"

பாலர் பள்ளியில் வேலை பார்க்கும் என் மனைவி சோபாவில் உட்கார்ந்து வண்ணத்தாளில் முயல் காது வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நின்றது. "என்ன வேணாம்னு அனுப்பினீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "சரி, நீங்களே சொல்லிக் குடுங்க. நானும் கேக்கறேன்" என்று மறுபடி காது வெட்ட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தோம். மேசையில் மகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மின்தூக்கி நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பதறாமல், மெதுவாக, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று எனக்கு ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக வரவில்லை.

"பாரும்மா, இந்தப் பால்வினை நோய் இருக்கே... அது தப்பான பழக்கம் இருக்கிறவங்களுக்குத்தான் வரும். நீ நல்ல பொண்ணு. நீ அதப் பத்திக் கவலப்படத் தேவையில்ல."

"நல்லவங்களுக்கு வராதா?"

"வராது."

"அது பாக்டீரியாப்பா. வைரஸ். நான் நல்ல பொண்ணா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது. மகள் அடுத்த கேள்விக்குப் போனாள். "ஒருத்தருக்கு இருந்தா, பாத்தாலே தெரியுமா?"

"தெரியும். உடம்பு மெலிஞ்சு போயிடும், புண்ணு வரும்."

அதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னது எழுத்தாக மாறுவதைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. எனக்கு இது எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்? யோசித்துப் பார்த்தால் யாரும் சொன்னதில்லை.

மனைவி வேறு ஒன்றைக் கேட்டாள். "உயர்நிலை ஒண்ணுல இவளுக்கு ஸ்கூல்ல ஒரு ஊசி போட்டாங்களே, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்க. அதுக்கு நீங்கதானே சரின்னு அனுப்பினீங்க. அந்தப் புற்றுநோய் எதனால வருதுன்னு தெரியுமா?"

தெரியாது. புற்றுநோய்க்குத் தடுப்பூசி என்றால் எந்த அப்பன் வேண்டாம் என்பான்? அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமி உடலுறவு வழியாகப் பரவுவது என்று மனைவி சொன்னாள். பிள்ளைகளுக்கு அந்த உறவெல்லாம் ஏற்படுவதற்கு வெகு முன்னாலேயே ஊசி போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் சின்ன வயதில் போடுகிறார்கள் என்றாள். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. மகள் நோட்டை மூடிவிட்டு, "அடுத்த வாரம் தயார் பண்ணிட்டு வாங்கப்பா" என்றாள். வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பையனிடம் சொல்வது போல இருந்தது.

இங்கே நான் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்தொன்பது வயதில், கட்டாயத் தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருந்தபோது, விடுமுறைக்கு நண்பர்களோடு எல்லை தாண்டி ஓர் ஊருக்குப் போனேன். அங்கே நடந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் போனார்கள், நானும் போனேன். திரும்பி வந்த ஒரு வாரத்தில் சிறுநீர் கழித்தால் எரிந்தது. முகாமில் மருத்துவர் இருந்தார். அவரிடம் போகவில்லை. கூட இருந்தவன் எங்கிருந்தோ நான்கு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தான். எரிச்சல் நின்றது. பயம் நிற்கவில்லை. ரத்த தான முகாம் வந்தால் வேறு பக்கம் நடந்தேன். நல்ல வேலைக்கு மருத்துவப் பரிசோதனை கேட்டபோது விண்ணப்பத்தையே கிழித்துப் போட்டேன். கல்யாணம் பேசியபோது அம்மாவிடம் இரண்டு வருடம் தள்ளிப்போடச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. பிறகு கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேனே தவிர, ஒரு முறைகூடப் பரிசோதித்துப் பார்க்கவில்லை. மெலிந்தால் பயம். வாயில் புண் வந்தால் பயம். மகள் நோட்டில் எழுதிக்கொண்டது என் பயத்தைத்தான்.

அடுத்த சனிக்கிழமை தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனவன், அதன் பின்னால் இருந்த ஒரு கிளினிக்குக்குள் நுழைந்தேன். ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழேயே ஒரு கிளினிக் இருக்கிறது. ஆனால் அங்கே கவுண்டரில் இருப்பவர் குடியிருக்கும் புளோக்கின் மின்தூக்கியை நான்தான் பார்க்கிறேன்.

"என்ன பிரச்சனண்ணே?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"இருமல்" என்றேன்.

மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. முக்காடு போட்டிருந்தார். ஸ்டெத்தாஸ்கோப்பை முதுகில் வைத்து நாலு முறை மூச்சு இழுக்கச் சொன்னார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இருமலே இல்லையே."

"இல்ல டாக்டர்."

"சரி. என்னன்னு சொல்லுங்க. கதவு மூடியிருக்கு."

முதலில் மகளைப் பற்றிச் சொன்னேன். படிவம், நூலகம், நோட்டு எல்லாம். அவர் சிரித்தார். "நெறைய அப்பாம்மா அப்படித்தான். நீங்களாச்சும் கேக்க வந்தீங்களே" என்று ஒரு தாளை எடுத்து, படம் வரையாமல் பேனாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பார்த்தால் தெரியாது. இந்த நோய்களில் பலவற்றுக்கு வெளியே எந்த அறிகுறியும் இருக்காது, அதனால்தான் பரிசோதனை. பாக்டீரியாவால் வருகிற மேகவெட்டை, கிளமிடியா, சிஃபிலிஸ் என்கிற மேகப்புண் மூன்றும் சரியான மருந்தால் முழுதாகக் குணமாகும். எச்ஐவி குணமாகாது, ஆனால் தினமும் மருந்து எடுத்தால் மற்றவர்களைப் போல நீண்ட காலம் வாழலாம். ஆணுறை ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். கழிப்பறை இருக்கையால் வராது, தட்டைப் பகிர்ந்து சாப்பிட்டால் வராது, கொசுவால் வராது.

"பிள்ளைங்ககிட்ட அவசரப்படாதேன்னு சொல்லுங்க. வேணாம்னு தோணினா வேணாம்னு சொல்ற உரிமை உனக்கு இருக்குன்னு சொல்லுங்க. ஆனா அத மட்டும் சொல்லிட்டு நிறுத்திடாதீங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார்கிட்ட வரணும்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க. வெக்கத்தால லேட்டா வர்றவங்களத்தான் நான் நெறைய பாக்கறேன்."

பிறகு சாதாரணமாகக் கேட்டார். "நீங்க எப்பவாச்சும் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

பத்தொன்பது வயதுக் கதையை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு வருடம் நெஞ்சில் இருந்தது ஐந்து நிமிடக் கதையா என்று ஆச்சரியமாக இருந்தது. அவர் முகம் மாறவில்லை. "எரிச்சல் நின்னுட்டா குணமாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. இன்னிக்கே ரத்தம், யூரின் ரெண்டும் குடுத்துட்டுப் போங்க. ரிசல்ட்டுக்கு நாலஞ்சு நாள் ஆகும்" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். காய்கறி வாங்க மறந்துவிட்டேன்.

முடிவு வரும்வரை காத்திருந்து, நல்லதாக இருந்தால் மனைவியிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ரயிலில் வரும்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் மகள் துணைப்பாட வகுப்புக்குப் போயிருந்தாள். மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காய்கறிப் பை காலியாக இருப்பதைப் பார்த்தாள். அப்படியே நின்றபடி சொல்லிவிட்டேன்.

அவள் மூங்கில் கழியில் இரண்டு சட்டையை மாட்டினாள். பிறகு கேட்டாள்.

"எனக்குத் தெரியணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"பயம்."

"இவ வயித்துல இருந்தப்போ எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. எச்ஐவி, சிஃபிலிஸ் எல்லாமே. மாசமா இருக்கிற எல்லாருக்கும் எடுப்பாங்க. ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. அந்தத் தாளு நம்ம ஃபைல்ல பதினஞ்சு வருஷமா இருக்கு." அவள் குரல் உடைந்தது. "என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே பாதி பயம் போயிருக்கும். கேக்கலையே."

இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான். மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது, "நானும் அந்த டாக்டரப் பாக்கப் போறேன். மத்த டெஸ்ட்டும் எடுத்துடறேன். நீங்களும் வாங்க" என்றாள். அவளாகவே என்னைக் கூப்பிட்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முடிவுகள் அந்த வாரமே வந்தன. அவளுடையது அடுத்த வாரம். இரண்டு பேருக்கும் எதுவும் இல்லை. அவளுடைய முடிவை வாங்கிக்கொண்டு கிளினிக்கிலிருந்து வெளியே வந்து தேக்கா அங்காடிக் கடையில் ரொட்டி பிராட்டா சாப்பிட்டோம். அவள் என் தட்டிலிருந்தும் ஒரு துண்டு பிய்த்து எடுத்தாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

தள்ளிப்போயிருந்த இரண்டாவது பாடத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் உட்கார்ந்தோம். நான் முதலில் மகளிடம் சொன்னேன்: "போன தடவ நான் சொன்னதுல நெறைய தப்பு. அதக் கிழிச்சிடு."

"சீரியஸ்லி? எல்லாமேவா?"

"எல்லாமே."

அவள் பக்கத்தைக் கிழிக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். மருத்துவர் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். திக்கிய இடங்களில் மனைவி எடுத்துக்கொடுத்தாள். ஆணுறை என்ற சொல்லை என் மகளுக்கு முன்னால் நான் சொன்னபோது மேற்கூரை இடிந்து விழவில்லை. அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரு ஃப்ரெண்டுக்கு அப்படி ஏதாவது இருக்கும்னு டவுட் வந்தா, பயமா இருந்தா, யார்கிட்டப் போறது?"

"டாக்டர்கிட்ட. ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட. நம்ம வீட்டுக்கும் வரச் சொல்லு" என்றாள் மனைவி.

நான் சொன்னேன்: "அப்பா சின்ன வயசுல ஒரு விஷயத்துக்கு ரொம்பப் பயந்தேன். யார்கிட்டயும் கேக்கல. கேக்காம இருந்ததுனால ரொம்ப வருஷம் கஷ்டப்பட்டேன். நீ அப்படி இருக்காத. என்னவா இருந்தாலும் வந்து சொல்லு. மொதல்ல திட்ட மாட்டேன்."

"அப்புறம் திட்டுவீங்களா?"

"அப்புறம் பாத்துக்கலாம் லா."

அவள் சிரித்தாள். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. கேட்டால் இன்னும் கொஞ்சம் பெரியவளானதும் சொல்வேன்.

மறுநாள் நானே பள்ளிக்குத் தொலைபேசி செய்தேன். விலக்கை ரத்துசெய்ய முடியுமா என்று கேட்டேன். இன்னும் மூன்று வகுப்புகள் மீதம் இருக்கின்றன, சேர்ந்துகொள்ளலாம் என்றார் ஆசிரியர். முதல் வகுப்பு முடிந்து வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "போரிங்பா. பாதி எனக்குத் தெரிஞ்சதுதான். பாத்தாலே தெரியுமான்னு டீச்சர் கேட்டாங்க. கிளாஸ்ல பாதிப் பேர் தெரியும்னு கை தூக்கினாங்க. நான் தூக்கல" என்றாள். மறுநாள் முழுக்க எனக்கு வேலையில் நேரம் ஓடியதே தெரியவில்லை.

நூலகத்தில் அவளோடு உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் இன்னும் நூலகத்தில்தான் இருந்தாள். அவள் குடும்பம் மூன்று வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து வந்தது. அப்பா கணினித் துறை. என் மகள் அந்த நோட்டை அவளிடம் கொடுத்திருக்கிறாள். அது அவள் அப்பா கையில் கிடைத்திருக்கிறது. ஒரு நாள் அவரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

தேக்காவில் ஒரு கடையில் சந்தித்தோம். நோட்டு மேசைமேல் இருந்தது. அவருடைய தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"சார், முதல் பக்கத்துல குறுக்கே கோடு போட்டிருக்கு. அது என்னது?" என்றார்.

"அது நான் மொதல்ல சொன்னது. எல்லாம் தப்பு."

அவர் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். "நானும் இதையேதான் சார் சொல்லியிருப்பேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "எப்படி சார் ஆரம்பிக்கறது? பொண்ணாச்சே" என்றார்.

"மோசமாத்தான் ஆரம்பிப்பீங்க. நானும் அப்படித்தான். பரவாயில்ல, அவங்க பொறுத்துக்குவாங்க."

அவர் கைப்பேசியை எடுத்து, அந்த மருத்துவரின் கிளினிக் எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் எழுந்து வழி காட்டினேன். போகும்போது அவரிடம் சொன்னேன்: "கவுண்டர்ல இருமல்னு மட்டும் சொல்லாதீங்க."