ஏழுமலை வரிசையாக நிறுத்திய நான்கு டயர்கள்

செவ்வாய்க்கிழமை காலை திருவொற்றியூர் டயர்க் கடையிலிருந்து செல்வி தொலைபேசியில் அழைத்தார். "டீச்சரம்மா, அவரு பூட்டாரு." அவருடைய கணவர், கடைக்காரர் ஏழுமலை இறந்துவிட்டதைத்தான் சொன்னார். "ஆட்டோல போங்க ஆன்ட்டி" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். ராயபுரத்திலிருந்து என் காரை நானே ஓட்டிக்கொண்டு போனேன். ஏழுமலையைப் பார்க்க வேறெப்படியும் நான் போனதில்லை.

என் கணவர் காலமான பிறகுதான் அந்தப் பழைய காரை நான் ஓட்டத் தொடங்கினேன். சில மாதங்களில் முன்பக்க இடது டயரின் ஓரம் மொட்டையாகிவிட்டது. என் கொழுந்தனார் பார்த்தால், வண்டியை விற்கச் சொல்லி வெளிநாட்டிலிருக்கும் என் மகனிடம் பேசிவிடுவார். ஆகவே ஏழுமலையிடம், "அதைக் கழற்றிப் பின்னால் போட்டுவிடுங்கள், யார் கண்ணிலும் படக் கூடாது" என்றேன்.

"டயரை எடம் மாத்தலாம் டீச்சரம்மா, தப்பை எடம் மாத்த முடியாது. பிளாட்பாரத்துல ஏத்தி ஏத்தி எறக்கிகினு கீறீங்க. அலைன்மென்ட்ட நான் சரி பண்றேன். கைய நீங்க சரி பண்ணுங்கோ."

ஆயுள் முழுவதும் பிறர் தப்பைத் திருத்தியவள் நான். முகம் சிவந்தது. ஆனால் திருத்திக்கொண்டேன்.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுவார். "பின்னாடி கீறது இழுத்து இழுத்துத் தேயுது, முன்னாடி கீறது திரும்பித் திரும்பித் தேயுது. எல்லா வேலையும் எல்லாருக்கும் குடுக்கணும்" என்பார். சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வேலையை முடித்ததில்லை. இறந்தவர் என்பதற்காகப் பொய் சொல்ல எனக்கு வராது.

இரண்டாம் ஆண்டு கொழுந்தனார் மோட்டார் சைக்கிளில் கடைக்கே வந்துவிட்டார். "அண்ணிக்கு அறுபத்தெட்டு வயசு. கன்டெய்னர் லாரி ஓடுற ரோடு இது. இனிமே ஓட்ட வேணாம்னு நீயே சொல்லுப்பா. நீ சொன்னாத்தான் கேப்பாங்க."

  ஏழுமலை என் காரின் நான்கு டயர்களையும் கழற்றிச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். ஒரு ரூபாய் நாணயத்தை ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் ஓரத்தில், நடுவில், மறு ஓரத்தில் என்று செருகிக் காட்டினார். எங்கும் ஒரே ஆழம்.

"ஓட்றவங்க வயசு டயருக்குத் தெரியாது சார், கைதான் தெரியும். இந்தக் கைக்கு இன்னா கொறச்சல்?" பிறகு மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். "உங்க பின் டயரு மொட்டையா கீதே, அத்த யாரு கேக்கறது?"

செல்வி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கொழுந்தனார் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கு இப்போது எழுபத்து நான்கு. இழவு வீட்டிலேயே இருவர், "இனிமேலாவது வண்டியைக் கொடுத்துவிடலாமே" என்றார்கள். ஏழுமலையை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் திருத்திய இந்தக் கையைத்தான். அடுத்த மாதம் டயர்களை இடம் மாற்றும் முறை வருகிறது. இனிக் கடையைப் பார்க்கப்போகும் செல்வி கழற்றுவார். நாணயத்தை நான் செருகுவேன். சந்தேகமுள்ளவர்கள் வந்து பார்க்கலாம். வரும்போது தங்கள் வண்டியையும் கொண்டுவரட்டும்.