நாற்றத்துக்கு நின்ற பேனா

கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்துக் கொடுக்கும் அக்காவுக்குப் பரீட்சைக் காலத்தில் இன்னோர் உத்தியோகமும் உண்டு. பார்வையில்லாத மாணவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, அவள் விடைத்தாளில் எழுதுவாள். அதனால் அவளுக்குக் கையக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் போய்விடுவாள். அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

எழுதிக் கொடுப்பவர், தேர்வு எழுதுகிறவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இந்தத் தகுதி அவளிடம் தாராளமாக இருந்தது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவள். ஆனால் எழுத்து முத்து முத்தாக விழும். வரலாற்றில் முதல் வகுப்பு வாங்கியிருக்கிறாள், உளவியலில் தட்டுத்தடுமாறித் தேறியிருக்கிறாள், சமூகவியலில் கோட்டைவிட்டிருக்கிறாள். எல்லாம் அடுத்தவர் பெயரில்.

"இந்த வருஷம் என்னம்மா பட்டம்?" என்று தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார் வீட்டுக்காரர்.

"பொருளாதாரம். போன வருஷம் ஒரு பேப்பர் போச்சு, இப்போ திரும்ப எழுதறேன்."

"ஒழுங்கா படிச்சிருந்தா போயிருக்குமா?"

அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்தப் போன பேப்பர் அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. அது போனது அவளுக்கல்ல, அவள் வக்கீலம்மா என்று கூப்பிடும் ஒரு பெண்ணுக்கு. பிறவியிலேயே பார்வை இல்லை. வாய் மட்டும் இரண்டு பேருக்குப் போதும். மளிகைக் கடைக்காரரிடம்கூட அவர் தோற்றுப்போகும் வரை வாதாடுவாள். வேறொரு கல்லூரியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இந்த ஒரு தாளில் தேறினால் அந்த இடம் நிற்கும், தேறாவிட்டால் போச்சு. பாடமெல்லாம் தலைகீழாகச் சொல்லக்கூடியவள் போன தடவை எப்படித் தோற்றாள் என்பது அவளுடைய ஆசிரியர்களுக்கே விளங்கவில்லை. விளங்காததால் அவர்கள் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

தேர்வு நடக்கும் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது.

பெரிய ஹாலில் வைத்தால் வாய்விட்டுச் சொல்லும் விடைகள் மற்றவர்கள் காதில் விழும் என்பதால், இவர்களுக்கென்று மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். முன்பு அது உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கும் இடம். இப்போதும் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கும் இடம்தான். வாசலில் மட்டும் 'சிறப்பு மாணவர் தேர்வு அறை' என்று பித்தளைப் பலகை வந்திருந்தது. அதே பெயரைத் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தில் பொறித்த தகடு ஒன்றும் இருந்தது. அதைக் கதவு நிலைக்கு மேலே அறைந்திருந்தார்கள். கைபட்டால் அழுக்காகிவிடுமாம்.

மேல்மாடியில் பேராசிரியர்களின் கழிப்பறை. அதன் குழாய் இந்த அறையின் சுவர் வழியாக இறங்குகிறது. அறை மூலையில் ஒரு சாக்கடைத் துளை. மேலே யாராவது தண்ணீரைத் திறந்துவிட்டால், துளை முதலில் தொண்டையைக் கனைக்கும். அப்புறம் குபுக் குபுக்கென்று பேசும். அப்புறம் அந்த வாடை எழும்பி வரும். பினாயில் ஊற்றுவது மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிற அன்றைக்கு மட்டும். மற்ற நாட்களில் இந்தக் கல்லூரியின் அறிவாளிகள் எதை உண்டார்கள் என்பதைக் கீழே இருப்பவர்கள் தெரிந்துகொள்ளலாம்.

கண்காணிப்புக்கு வந்த இளம் விரிவுரையாளர் கேள்வித்தாளைக் கொடுத்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"நீங்க ஆரம்பிங்க. நான் வெளியில மரத்தடியில இருக்கேன். அங்கிருந்தே பாத்துக்கறேன்."

"சார், மரத்தடியில இருந்து என்னத்தப் பாப்பீங்க?" என்றாள் வக்கீலம்மா.

"நம்பிக்கைதாம்மா," என்று சொல்லிவிட்டு அவர் ஓடியே போனார்.

முதல் கேள்வி நன்றாகப் போயிற்று. இரண்டாவது, வாங்காமல் இருக்க முடியாத பண்டத்துக்கு வரி போட்டால் சுமை யார் தலையில் விழும் என்பது. வக்கீலம்மா பட்டென்று சொன்னாள்: "பெரும்பகுதி வாங்குபவர் மீதே விழும்." கையக்கா எழுதிக்கொண்டிருந்தபோது மூலை கனைத்தது. வாடை வந்தது. பேனா நின்றது. கையக்கா மூச்சை அடக்கிக்கொண்டு அலை தாண்டட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அதை அடிச்சிடுங்க," என்றாள் அந்தப் பெண். குரலில் திடீரென்று சுதி இறங்கியிருந்தது. "விற்பவர் மீது விழும்னு போடுங்க."

அடித்தாள், போட்டாள். அடுத்த விடையிலும் மூலை கனைத்தது. அதையும் அடிக்கச் சொன்னாள். அதற்கடுத்ததிலும் அப்படியே. கையக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னடி இது! நீயே சொல்றே, நீயே வாபஸ் வாங்கறே? தாளு முழுக்கக் கோடுதான் இருக்கு."

"நீங்கதானே நிறுத்தறீங்க?"

"நிறுத்தினா?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா சொன்னா உங்க பேனா நிக்குதுல்ல. போன வருஷத்துல இருந்தே கவனிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க வேணும்னேதான் குறிப்பு குடுக்கறீங்கன்னு நெனச்சேன். உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னு யார்கிட்டயும் மூச்சு விடல."

கையக்காவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "அடி பாவி! நான் பத்தாவதுடி! எனக்கு வரியும் தெரியாது, சுமையும் தெரியாது. நாத்தம் தாங்காம மூச்சை அடக்கினேன், அவ்வளவுதான்."

"நாத்தம் எப்பவுமே இருக்கே அக்கா. அதுக்கு யாராவது நிறுத்துவாங்களா?"

"மேல தண்ணி விட்டா கூடுதுல்ல? அப்போதான் நிறுத்துவேன்."

கையக்கா தாளைப் பின்னால் புரட்டி, அடித்த கோடுகளை எண்ணினாள்.

"அப்போ போன வருஷம்," என்றாள் அந்தப் பெண், "இதே பேப்பர்ல நான் மாத்தினதெல்லாம்…"

நன்றாகப் படித்த ஒரு பெண்ணின் விடைகளை, மாடியில் இருந்த பேராசிரியர்கள் தங்களுக்கே தெரியாமல் திருத்தியிருக்கிறார்கள். அதுவும் எங்கே உட்கார்ந்துகொண்டு! கள்ளத்தனமாக உதவ வேண்டும் என்று எத்தனையோ தடவை கையக்காவுக்கு ஆசை வந்ததுண்டு. உதவுகிற அளவுக்குப் படிப்பு இல்லாததால்தான் யோக்கியமாக இருந்தாள். அந்த யோக்கியதையும் இப்படிப் போயிற்று.

அடித்ததையெல்லாம் மறுபடி எழுதினார்கள். நடுவில் மூலை கனைத்தது, பேனா நின்றது.

"இப்போ?" என்றாள் அந்தப் பெண்.

"நாத்தம்."

"சரி." ஆனால் காரணம் தெரிந்த பிறகும் அந்த மௌனம் அவளை ஆட்டியது. அடுத்த வரி வரவே இல்லை. "முடியல அக்கா. நீங்க நின்னாலே எனக்கு எல்லாம் தப்புன்னு தோணுது. இந்த வருஷமும் போச்சு."

கையக்கா எழுந்தாள். மேசையைத் தரதரவென்று வெளியே இழுத்தாள். நாற்காலிகளைத் தூக்கி வந்து பெரிய ஹாலின் வாசலுக்கு நேராகத் தாழ்வாரத்தில் போட்டாள். உள்ளே இதே தாளைத்தான் மற்ற மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மரத்தடிக் கைக்குட்டை அலறிக்கொண்டு ஓடி வந்தது. அதற்குப் பின்னால் சிறப்பு மாணவர் உதவி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் வந்தார். இந்தப் பொறுப்பை ஏற்றதற்காக வகுப்பு எடுப்பதிலிருந்து பாதி விலக்கு வாங்கியவர்; பேச்சில் தேன் சொட்டும்.

"என்னம்மா இது? நம்ம குழந்தைங்களுக்குன்னு தனி ரூமே குடுத்திருக்கோமே."

"உள்ள நாறுது சார். உக்கார முடியல."

"இவ்வளவு வருஷத்துல அந்தக் குழந்தைங்க யாருமே சொன்னதில்லையே. பார்வை இல்லாதவங்களுக்கு மூக்கு கூர்மைன்னு சொல்வாங்க. அவங்களே பொறுத்துக்கறாங்க, உங்களுக்கென்ன?"

கையக்கா அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். ஏழெட்டுப் பதில்கள் வாய்வரை வந்தன. எல்லாமே பரீட்சை நேரத்தில் சொல்லக் கூடாதவை. நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"நீ சொல்லுடி வக்கீலம்மா. நல்லா சத்தமா சொல்லு."

அந்தப் பெண்ணுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "ஐந்தாவது கேள்விக்கான விடை!" என்று மேடையில் பேசுகிறவளைப் போல ஆரம்பித்தாள். ஹாலுக்குள் ஓடிக்கொண்டிருந்த பேனாக்கள் எல்லாம் நின்றன. பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல ஓட ஆரம்பித்தன. "விடையைச் சொல்றாடா, கேட்டுக்கோ," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கொஞ்சம் மெதுவா சொல்லச் சொல்லுங்கடா," என்றது இன்னொன்று.

ஒருங்கிணைப்பாளரின் தேன் வற்றிவிட்டது. "நிறுத்துங்க! நிறுத்துங்கம்மா! என் ரூமுக்கு வாங்க, என் ரூமுக்கே வாங்க!"

"வீணான நேரம்?" என்றாள் கையக்கா.

"தர்றேன்! சேத்துத் தர்றேன்!"

அவர் அறையில் ஏசி இருந்தது, சோபா இருந்தது, மாற்றுத்திறனாளி நலனுக்காக அவர் வாங்கிய கேடயங்கள் வரிசையாக இருந்தன. அங்கே உட்காருவதற்கு முன் கையக்கா கண்டிப்பாகச் சொன்னாள்: "இதோ பாரு, நான் நிறுத்தினா கை கடுக்குதுன்னு அர்த்தம். வேற ஒரு மண்ணும் இல்ல. உனக்குத் தெரிஞ்சதை நீ சொல்லு." அந்தப் பெண் சொன்னாள். முதலில் திக்கினாள். கை கடுத்துப் பேனா நின்றபோதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. போகப்போக அவளுடைய மளிகைக் கடைக் குரல் திரும்பி வந்தது.

முடித்துவிட்டு இருவரும் வாசல் தாண்டியதும், உள்ளே ஒருங்கிணைப்பாளர் வாசனைத் தெளிப்பானை எடுத்து சோபா மீது அடிக்கும் சத்தம் கேட்டது. கையக்காவுக்குக் காதோரம் சூடேறியது. "நடங்க அக்கா," என்று அந்தப் பெண்தான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முடிவு வந்தது. அவள் தேறியிருந்தாள், அதுவும் சாதாரணமாக அல்ல, அந்தத் தாளில் எல்லோரையும்விட முதலாக. அன்றைக்கே ஜெராக்ஸ் கடைக்கு ஒருங்கிணைப்பாளரின் போன் வந்தது. அவர் குரலில் தேன் திரும்பியிருந்தது. மையத்தின் வெற்றி என்று கல்லூரி ஆண்டு மலரில் போட வேண்டுமாம். குழந்தையைக் கூட்டி வந்தால் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கலாமாம். அந்தப் பெண் அப்போது கடையில்தான் இருந்தாள், சான்றிதழ்களை நகல் எடுக்க வந்திருந்தாள்.

"எங்க வெச்சு எடுப்பாராம்?" என்றாள்.

கையக்கா கேட்டுச் சொன்னாள். "அவரு ரூம்ல."

"நான் பரீட்சை எழுதின ரூம்ல எடுக்கட்டும், வர்றேன். கதவைச் சாத்திட்டு எடுக்கணும். சிரிச்ச முகமா நிக்கணும்."

கையக்கா அதை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் போனில் சொன்னாள். கேட்டதை அப்படியே ஒப்பிப்பதுதானே அவள் உத்தியோகம். தன்னை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.