வாவி நடுவே இயர்போன் சோதனை

அந்த வருடங்களில் எங்களில் யாரும் இரண்டு காதாலும் பாட்டுக் கேட்பதில்லை. ஒரு காதில் இயர்போன் இருக்கும். மற்றக் காது வெளிக்கு. ஹெலி வருகிறதா, எங்காவது ஷெல் விழுகிறதா, சென்றியில் காவல் நிற்பவன் கூப்பிடுகிறானா என்று கவனிக்க அது வேண்டும். போர்நிறுத்தம் என்று பெயருக்கு ஒன்று இருந்த காலம்தான். ஆனால் காதுகள் அதை நம்பவில்லை.

நான் அப்போது படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். முதல் நியமனம். வீடு எழுவான்கரையில். இரண்டுக்கும் நடுவே வாவி. காலையில் மண்முனைத் துறையில் இராணுவச் சென்றியில் பையைத் திறந்து காட்டிவிட்டுப் பாதையில் ஏறுவோம். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற இரும்பு மிதவையை. அக்கரையில் இறங்கினால் இயக்கத்தின் சென்றி. அங்கும் பையைத் திறக்க வேண்டும். இரண்டு பக்கத்தாரும் என் சோற்றுப் பெட்டியை ஒரே மாதிரித்தான் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் நான்கு பேர். நான், என் வயதுக்காரியான கணித ரீச்சர், ஐம்பதை நெருங்கிய சமூகக்கல்வி சேர், அப்புறம் சங்கீத ரீச்சர். சங்கீத ரீச்சர் பேச்சிலும் சுருதி விலகாதவர். அவர் முன்னால் நானும் கணித ரீச்சரும் சிரிப்பதென்றால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான்.

இயர்போன் பைத்தியம் எங்களுக்கு ஒரே மாதத்தில் தொற்றியது. பட்டணத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பலகையில் ஆணி அடித்து அவற்றைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் காதுக்குள் செருகுகிறவை, நுனியில் றப்பர். பெரிய கம்பனிப் பெயர் எதையாவது எடுத்து அதில் ஓர் எழுத்தை மாற்றிப் பெட்டியில் அடித்திருந்தார்கள். "இதைப் போட்டா கல்லடிப் பாலத்துக்குக் கீழ மீன் பாடுறதும் கேக்கும் ரீச்சர்," என்றார் வியாபாரி. மீன் வேண்டாம், செய்தி கேட்டால் போதும் என்று நான் வெள்ளை வயர் ஒன்றை வாங்கினேன். கணித ரீச்சர் கறுப்பை எடுத்தாள். சமூகக்கல்வி சேர் பலகையின் உச்சியில் தனியாகத் தொங்கிய சிவப்பைக் காட்டி, அதைத் தாங்க என்றார்.

என் வெள்ளை, தகரப் பேணிக்குள் கடலையைப் போட்டு ஆட்டுகிற மாதிரிச் சத்தம் போடும். செய்தி வாசிப்பவர் எவராக இருந்தாலும் தடிமன் பிடித்தவராகவே கேட்பார். கணித ரீச்சரின் கறுப்பில் எல்லாமே ஈரச் சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து வரும். இரண்டாம் நாளே அதன் இடப்பக்கம் செத்தும் போனது. அவள் கவலைப்படவில்லை. "எப்படியும் ஒரு காதுதானேகா போடுறம்," என்றாள்.

சேரின் சிவப்பு வேறு சாதி. அதை அவர் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது எங்களுக்குச் சொல்லுவார். தபேலாவில் விரல் எது, உள்ளங்கை எது என்று பிரித்துக் கேட்கலாமாம். பாடுகிறவர் மூச்சு இழுப்பதும் கேட்குமாம். எங்களுடையவை இரண்டும் இயர்போனே இல்லை, காது குடைகிற சாமான் என்றார்.

அந்தப் பெருமையில்தான் ஒரு நாள் காலை இரண்டு காதிலும் அதை அடைத்துக்கொண்டு சென்றியைத் தாண்டி நடந்துவிட்டார். "நவத்தின்ன", நில் என்று சிங்களத்தில் இராணுவக்காரன் கத்தினான். சேர் நடந்தார். மறுபடியும் கத்தினான். சேர் நடையோடு தலையையும் ஆட்டினார், பாட்டுக்கு. துப்பாக்கியின் பூட்டு இழுபடுகிற சத்தம் கேட்டதும் வரிசையில் நின்ற எல்லோரும் அப்படியே உறைந்துபோனோம். கணித ரீச்சர்தான் ஓடிப்போய் அவர் காதிலிருந்து வயரைப் பிடுங்கினாள். பிறகு அவரை வெயிலில் நிற்க வைத்தார்கள், பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள், சிவப்பு வயரை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள். பாதையில் ஏறி அமர்ந்தோம். சேர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, வெளிச்சத்தம் ஒண்டும் உள்ளுக்கு வரல்ல," என்றார்.

அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

முதலில் சிவப்பில் ஒரு குறை கண்டுபிடிக்க நினைத்தோம். பாடமில்லாத நேரம் ஒன்றில் அவரிடம் அதை இரவல் வாங்கினேன். தாராளமாகக் கொடுத்தார், கேட்டுத் திருந்தட்டும் என்று. என்னிடம் கட்டாரிலிருந்த அண்ணன் அனுப்பிய சின்னப் பாட்டுப்பெட்டி ஒன்று இருந்தது. விரலளவுதான். றேடியோவும் கேட்கலாம், பேச்சும் பதியலாம். அதில் நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த வாணிவிழாவைப் பதிந்து வைத்திருந்தேன். சங்கீத ரீச்சர் நீளமாக ஒரு கீர்த்தனை பாடியிருந்தார். படையலுக்கு வைத்த பொங்கல், எங்கள் பேச்சில் புக்கை, ஓரத்தில் காத்திருந்தது. பள்ளிக்கூட அதிபரும் சமூகக்கல்வி சேரும் முன்வரிசை. நான் அவர்களுக்கு நேர் பின்னால், பாட்டுப்பெட்டி மடியில்.

அந்தப் பதிவை என் வெள்ளையில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். பாட்டும் பேணியும்தான் கேட்கும். சிவப்பை நாங்கள் ஆளுக்கொரு காதில் போட்டுக் கேட்டபோது சங்கீத ரீச்சர் உண்மையாகவே மூச்சு இழுத்தார். சுருதிப்பெட்டியின் துருத்தி முனகியது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அநுபல்லவி முடிகிற இடத்தில், எங்கள் காதுக்குள்ளேயே இருந்து பேசுகிற மாதிரித் தெளிவாக, சமூகக்கல்வி சேரின் குரல் வந்தது.

"ரீச்சர் இண்டைக்கு விடமாட்டா போல. புக்கை ஆறுது."

அதற்கு அதிபரின் குரல்: "இன்னும் ஒண்டு வேற கிடக்காம் சேர். கும்பிட்டுக் கேட்டும் குறைக்க மாட்டனெண்டுட்டா."

கணித ரீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. என்னவென்று எட்டிப் பார்த்த பிள்ளைகளுக்கு, ரீச்சருக்குத் தலையிடி என்று சொல்லி அனுப்பினேன். வெள்ளையிலும் கறுப்பிலும் மறுபடி போட்டுப் பார்த்தோம். இரண்டிலும் அந்த இடத்தில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. சிவப்பில் மட்டும்தான் புக்கை ஆறியது.

இயர்போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கணித ரீச்சர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை சேர், என்றாள். அவர் துடித்துப்போனார். உங்களுக்குக் காது இல்லை என்றார். அப்படியென்றால் காது உள்ளவர் ஒருவர் கேட்டுச் சொல்லட்டும் என்றேன். காது உள்ளவர் யார் என்று நாங்கள் சொல்லவேயில்லை. அவராகவே சங்கீத ரீச்சரின் பெயரைச் சொன்னார். அவர் சொன்னால் வலயக் கல்விப் பணிப்பாளரும் மறுக்க மாட்டார் என்றார். எந்தப் பாட்டில் சோதிப்பது என்று வந்தபோது, ரீச்சருடைய பாட்டே என்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "அதுதான் சரி. அவட குரல் அவவுக்குத் தெரியாதா?" என்று அவரே முடித்துவைத்தார்.

சோதனையை வாவி நடுவில் வைத்துக்கொண்டோம். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஒருவர் பயமில்லாமல் இருக்கக்கூடிய இடம் எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இந்தக் கரைச் சென்றி கூப்பிட்டாலும் எட்டாது, அந்தக் கரைச் சென்றி கூப்பிட்டாலும் எட்டாது. எஞ்சின் சத்தம்தான் இடைஞ்சல். ஆனால் அன்று பின்னேரம் வரும்போது விசிறியில் ஆற்றுவாழைக் கொடி சுற்றி எஞ்சினும் நின்றுபோனது. பாதைக்காரர் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கிக் கொடியை அறுக்கத் தொடங்கினார். மற்றவர்கள் வெயிலைத் திட்டினார்கள். எங்களுக்கு அது நல்ல நேரம்.

சங்கீத ரீச்சர் இலேசில் சம்மதிக்கவில்லை. இதெல்லாம் காதைக் கெடுக்கிற சாமான் என்றார். உங்கள் கீர்த்தனைதான் என்று சொன்னதும் சுருதிப்பெட்டியை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சரி தாங்க, என்றார். முந்தானை நுனியால் றப்பரைத் துடைத்துத் துடைத்துத்தான் காதில் செருகினார். கண்ணை மூடிக்கொண்டார். எது யாருடையது என்று தெரியக்கூடாது என்பது சேரின் ஒழுங்கு.

முதலில் வெள்ளை. ரீச்சரின் புருவம் சுருங்கியது. "இது நானா?" என்று கேட்டுவிட்டுக் கழற்றினார். அடுத்தது கறுப்பு. அதில் ஒரு பக்கம்தான் வேலை செய்தது என்றாலும் ரீச்சருக்கு அது பிடித்துவிட்டது. மேல் ஸ்தாயி கொஞ்சமும் குத்தாமல் மெத்தென்று வருகிறது, குரல் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். சேரின் முகம் வாடியது. கணித ரீச்சர் என் கையைக் கிள்ளினாள். இப்படியே கறுப்புக்கு வெற்றி என்று முடிந்துவிட்டால் எங்கள் ஏற்பாடு பாழ். மூன்றாவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் ரீச்சர் என்று அவசரமாகச் சிவப்பை நீட்டினேன்.

சிவப்பைப் போட்டதும் ரீச்சரின் முதுகு நிமிர்ந்தது. விரல் மடியில் தாளம் போட்டது. மூச்சுக்கூடக் கேட்கிறது என்றார். சேர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பல்லவி போனது. அநுபல்லவி வந்தது. தாளம் போட்ட விரல் அந்தரத்தில் நின்றது.

ரீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. பொத்தானைத் தடவி, திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தரம் என்றார். போட்டேன். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. அதுவரை இது ஒரு பகிடி என்று மட்டும் நினைத்திருந்தேன். ஒருவர் நெஞ்சு நிறையப் பாடியதைப் பற்றிய பேச்சு அது என்பது வாவி நடுவில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது.

ரீச்சர் இயர்போனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி, கைக்குள் வைத்துக்கொண்டார்.

"சேர், இதுதான் நல்லது. சந்தேகமே இல்ல."

"நான் சொன்னன்தானே ரீச்சர். எல்லாம் தெளிவாக் கேக்கும்."

"ஓம். புக்கை ஆறுறதும் கேக்குது."

சேருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் பார்த்தது எங்களை அல்ல, தண்ணீரை. பாதையில் இறங்கி ஓட வழியில்லை. சீனி வருத்தக்காரருக்குப் பசி தாங்காது என்று ஏதோ முணுமுணுத்தார். ரீச்சர் அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பி, மற்றக் குரல் அதிபருடையதுதானே என்று கேட்டார். நான் தலையாட்டினேன். பாட்டுப்பெட்டியை நாளைக்கு மட்டும் தரமுடியுமா என்றார். கொடுத்தேன். சிவப்பு இயர்போனுக்கு அவர் அனுமதி கேட்கவில்லை.

அந்த நாட்களில் சங்கீத வகுப்பு சைக்கிள் கொட்டிலில் நடந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் பிள்ளைகள் ஒரு கையால் தாளம் போட்டு மறு கையால் தலையைப் பொத்திக்கொள்வார்கள். உடைந்த மேசைகள் அடுக்கிய அறை ஒன்று சும்மா பூட்டிக் கிடந்தது. அதைத் தாருங்கள் என்று ரீச்சர் அதிபரிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. பார்ப்போம் ரீச்சர் என்பதே பதில்.

அடுத்த நாள் முதல் பாடம் முடிந்ததும் ரீச்சர் அதிபரின் அறைக்குப் போனார். நாங்கள் இரண்டு பேரும் எதிர்த்த வகுப்பு யன்னலில் நின்றோம். அதிபர் இரண்டு காதிலும் சிவப்பு வயரோடு கதிரையில் இருப்பதும், ரீச்சர் முன்னால் கைகட்டி நிற்பதும் தெரிந்தது. அதிபர் முதலில் தலையை ஆட்டி ரசித்தார். பிறகு ஆட்டம் நின்றது. ரீச்சர் என்ன சொன்னார் என்று தெரியாது. எங்கள் வெறுங்காதுக்கு அவ்வளவு தூரம் கேட்காது. ஆனால் பத்தாம் வகுப்புப் பொடியன்கள் இடைவேளைக்கு முன்னரே அந்த உடைந்த மேசைகளைத் தூக்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தார்கள். சமூகக்கல்வி சேரும் சேர்ட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

சங்கீத ரீச்சர் அவரோடு கோபம் கொண்டாடவில்லை. ஒரு வாரம் கழித்து இயர்போனைத் திருப்பிக் கொடுத்தபோது, அடுத்த விழாவில் அவருக்கு மட்டும் புக்கையை முதலே கொடுக்க ஒழுங்கு செய்வதாகச் சொன்னாராம். எங்கள் பக்கம் மட்டும் ஒரு மாதம் ஒரு மாதிரியான பார்வை இருந்தது. அந்தப் பதிவை முன்பே நாங்கள் கேட்டுவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காதுக்கு என்னதான் தப்பும்?

அடுத்த வருடமே சண்டை திரும்ப மூண்டது. பாதை நின்றது. படுவான்கரைச் சனம் சட்டி பானைகளோடு வாவியைக் கடந்து வந்தபோது எங்களுக்கும் வேறு வேறு பள்ளிக்கூடங்களில் இடம் போட்டார்கள். சங்கீத அறையின் கூரையில் ஷெல் விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். விழும்போது உள்ளே யாரும் இருக்கவில்லை.

அகதி முகாமாகியிருந்த ஒரு பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி சேரை மறுபடி கண்டேன். வரிசையில் நின்றவர்களுக்குப் பாண் துண்டுகள் கொடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிவப்பு வயர், ஒரு பக்கம் மட்டும் காதில். பக்கத்தில் நின்ற இளம் ஆசிரியர் ஒருவர் அது எங்கே வாங்கியது என்று கேட்டிருக்க வேண்டும். சேர் பாணை நீட்டியபடியே அவருக்கு விளக்கம் சொன்னார். இதைச் சாதாரண ஆள் யாரும் நல்லதென்று சொல்லவில்லையாம், சங்கீதம் முறையாகப் படித்த ரீச்சர் ஒருவர் மூன்றைப் போட்டுப் பார்த்து இதைத்தான் தெரிவு செய்தாராம். என்னைக் கண்டதும் சாட்சிக்கு அழைத்தார். "கேளுங்க, இந்த ரீச்சரும் அங்கதான் இருந்தவ," என்றார். ஓம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லையே.