மச்சாளின் புத்தகமும் எங்கள் குண்டனும்

இன்று வீட்டில் சரஸ்வதி பூசை. மெடிசின் படிக்கும் மச்சாளின் தடித்த புத்தகத்தை மாமி கும்பத்துக்கு முன்னால் வைத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு வைக்கப் புத்தகமே இல்லையே பிள்ளை! பள்ளிக்கூடத்தை விட்டிட்டுப் பூனைதானே வளக்கிறாய், அதைத் தூக்கி வையன்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

அவர்கள் சாப்பிடக் குசினிக்குப் போனார்கள். வெளியே மழை என்பதால் பூனைகள் இரண்டும் உள்ளேதான் நின்றன. கறுவல் அவல் தட்டைக் கவிழ்த்தான். குண்டன் மச்சாளின் புத்தகத்தில் ஏறிக் குந்தினான். எதற்குக் குந்துகிறான் என்று எனக்குத் தெரியும். நான் விரட்டவில்லை.

மாமி வந்து அலறினார். "அது மூத்திரம் பெய்யிறதைப் பாத்துக்கொண்டோ நிண்டனீ?"

"ஓம் மாமி" என்றேன்.

நாளை நவராத்திரி விரதம் முடிகிறது. குண்டனுக்கு என்ன மீன் வாங்கலாம், சொல்லுங்கள்.